தொட்டறியும் காட்சிச்சாலை

இயற்கை விஞ்ஞானக் காட்சிச்சாலை கண்ணால் கண்டு தெளிவதற்கே உரியது என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியுள்ளது. கண்ணாடிப் பேழையும், "தொடாதீர்" என்னும் பலகையும் அவ்வெண்ணத்தின் அடையாளங்கள். பார்வையற்றோர்க்கு இவ்விரண்டும் சேர்ந்து பூட்டிய கதவாகவே அமைகின்றன.

இக்கதவைத் திறப்பது புதுமையன்று. 1906-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் சண்டர்லண்ட் காட்சிச்சாலையில் சார்ல்டன் டீஸ் என்பார் பார்வையற்ற பள்ளிச் சிறுவர்களை அழைத்து, விலங்குகளையும் பறவைகளையும் கையால் தடவி அறியச் செய்தார். புதுடில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் தொட்டறிதற்குரிய தனிக் கூடம் அமைக்கப்பட்டது.

தொட்டால் பொருள்கள் கெடும் என்பர். அது உண்மையே, அதனினும் பெரிய இடரும் உண்டு. பழங்காலத்தில் பாடம் செய்யப்பட்ட விலங்குத் தோல்களில் பூச்சியரிப்பைத் தடுக்க ஆர்செனிக் எனும் பாஷாணம் பூசப்பட்டது. அவற்றைச் சிறுவர் தொடலாகாது. ஆயின், மறுப்பு அத்தோல்களுக்கு மட்டுமே பொருந்தும். பாரிஸ் சாந்தில் வார்த்த மண்டையோடு, சிப்பி, பாறைத்துண்டு, விதை, மரப்பட்டை ஆகியவற்றைத் தொடுவதில் என்ன தடை?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இப்பொருள் தனிச் சிறப்புடையது. 1956-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது இப்பகுதி கேரளத்தில் நிலைத்தது. தமிழ்க் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன. பாறசாலையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவனந்தபுரம் காட்சிச்சாலையே இவ்வூர்ச் சிறுவர்க்கு அணித்தானது. பார்வையுள்ள சிறுவன் தமிழ், மலையாளம் என இரண்டு வரிவடிவங்களைக் கற்க வேண்டும். பார்வையற்ற சிறுவனுக்கோ அத்தொல்லை இல்லை. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் தமிழ்க் ககரத்திற்கும் மலையாளக் ககரத்திற்கும் புள்ளிகள் ஒன்றே. இரு மொழியும் பேசி வளரும் சிறுவன் இரு மொழிப் பிரெயில் சீட்டுகளையும் பெரும்பாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவான். சீட்டு வைப்பதே எஞ்சிய வேலை.

பிற குறையுடையோரையும் மறத்தலாகாது. சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும். பேழைகள் அமர்ந்து காணும் உயரத்தில் இருத்தல் வேண்டும். செவிப்புலனற்றோர்க்கு, வழிகாட்டி வாயால் உரைப்பன எழுத்திலும் கிடைத்தல் வேண்டும். இவை கருணையால் வழங்கப்படும் சலுகைகள் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவற்றை உரிமையாக்கியுள்ளது. அணுகல் நெறிகள் பரிந்துரைகளாக மட்டும் நில்லாமல் கட்டாயமாக்கப்படல் வேண்டுமென 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் பணித்தது.

கட்டடம் திருந்தக் காலம் செல்லும். அதுவரை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் வாளாவிருக்க வேண்டுவதில்லை. நெய்யாற்றுக் கூழாங்கல், ரப்பர் விதை, பனம்பாளை, நத்தை ஓடு ஆகியவற்றை ஒரு பெட்டியில் சேர்த்தால், அதுவே பள்ளியின் முதற் காட்சிச்சாலையாகும். சுற்றுலாவுக்கு முன்னரே காட்சிச்சாலைக்குக் கடிதம் எழுதி, தொடத்தக்க பொருள்கள் எவையெனக் கேட்டறிதலும் நன்று. இத்தகைய கடிதங்கள் பெருகுமாயின், தொடத்தக்க பொருள்களும் பெருகும். வகுப்பு முழுவதும் சுற்றுலா செல்லும் நாளில், "உனக்கு அங்கே காண ஒன்றுமில்லை" என்று எந்தச் சிறுவனும் வீட்டில் நிறுத்தப்படலாகாது.