எந்தக் கழகம் நம் கழகம்?

மாணவத் தோழர்களே,

"தமிழனாகப் பிறந்துவிட்டுப் பெங்களூர் அணிக்குக் கை தட்டுகிறாயே, இது அடுக்குமா?" என்று நம் மன்ற நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் எழும் கேள்வி அது. சென்னையின் எஃப்.சி. நம்முடையது, பெங்களூர் எஃப்.சி. அவர்களுடையது என்பது அவர்கள் வாதம். இரண்டு அணிகளும் உடுத்துவது நீலச் சட்டையே. ஆயினும் எந்த நீலம் என்பதில் ஒருவனுடைய இனப்பற்றையே எடைபோடத் துணிகிறார்கள். எனவே இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறேன். ஒரு மனிதன் ஒரு கால்பந்துக் கழகத்தைத் தன் கழகமாகக் கொள்வது எப்படி?

பிறப்பால் என்பது முதல் விடை. கல்கத்தாவைப் பாருங்கள். 1889-இல் தோன்றிய மோகன் பகான் அங்கே மேற்கு வங்கத்துக் குடும்பங்களின் கழகம். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கிழக்கிலிருந்து வந்தவர்களின் கழகம். 1947-இல் நாடு துண்டானபோது வீடும் வயலும் இழந்து வந்தவர்களுக்கு, தங்கள் ஊரின் பெயரைத் தாங்கி நின்ற அந்தக் கழகமே ஆறுதலாயிற்று. தந்தையின் கழகம் மகனுக்குச் சொத்தாக வருகிறது. அங்கே வென்ற நாளில் வாங்கும் மீன்கூட வேறு வேறு: அவர்களுக்கு இறால், இவர்களுக்கு இலிஷ்.

ஆனால் அந்த ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் புகழை 1949 முதல் உயர்த்தியவர்கள் யார்? 'பஞ்ச பாண்டவர்' என்று வங்க மக்கள் கொண்டாடிய ஐந்து முன்கள வீரர்கள். அவர்களுள் ஒருவரான அகமது கான் நம் பெங்களூர்க்காரர். 1960-களில் மோகன் பகானுக்காக ஓடி, 1962-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்ற அருமைநாயகமும் பெங்களூர் தந்த தமிழர். அகமது கானை அகதி வங்காளியும், அருமைநாயகத்தை மோகன் பகான் ரசிகனும் 'எங்கள் ஆள்' என்று தோளில் தூக்கிக்கொண்டார்கள். பிறப்பையே பெரிதாகப் பேசும் கல்கத்தாவே வீரனிடம் பிறப்பைக் கேட்கவில்லை. அப்படியிருக்க ரசிகனிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இரண்டாவது விடை, தொழிலும் தெருவும். இன்று நம் விடுதி அறைகளில் நள்ளிரவுவரை விழித்திருந்து நண்பர்கள் பார்க்கும் மான்செஸ்டர் யுனைடெட், 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல், 1886-இல் ஊல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. வேலை முடிந்து வந்தவன் பக்கத்துத் திடலில் தன்னோடு உழைத்தவன் ஆடுவதைப் பார்த்தான். அவனே முதல் ரசிகன். நம் நகரிலும் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகளின் அணிகள் அவ்வாறு வளர்ந்தவையே.

மூன்றாவது விடை, வெற்றியின் கவர்ச்சி. தொலைக்காட்சியில் எவன் கோப்பையைத் தூக்குகிறானோ அவன் கழகமே என் கழகம் என்பது. இதை நான் இகழமாட்டேன். தொலைவிலுள்ள அணியிடமும் உண்மையான அன்பு பிறக்கக் கூடும். அல்சூரை அடுத்த கௌதமபுரத்துக்குச் சென்று பாருங்கள். கன் ட்ரூப்ஸ் என்ற பழம் பெயருடைய அந்தத் தமிழ்ப் பகுதியில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோர் சிலைகளோடு பெலேயின் சிலையும் நிற்கிறது. பிரேசில் நாட்டை அங்கே எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? வறுமையில் பிறந்து, சிறுவயதில் காலணி துடைத்து, 17 வயதில் 1958-இன் உலகக் கோப்பையை வென்ற கறுப்பு இளைஞனிடம் அந்த மக்கள் தங்களைக் கண்டார்கள். அந்த அன்பு வெறும் கோப்பைக்காக வந்ததன்று. அங்குள்ள சிறுவர்கள் தாமும் பந்தை உதைத்து வளர்ந்ததால் வேரூன்றியது.

இந்த மூன்றுக்கும் அப்பால் நான்காவது ஒன்று உண்டு. அதுவே தலையாயது என்பது என் துணிபு. அது உடனிருத்தல்.

பெங்களூர் எஃப்.சி. 2013-இல் தொடங்கப்பெற்றது. அதற்குத் தந்தைவழி ரசிகன் என்று ஒருவனும் இருந்திருக்க முடியாது. அசோக் நகரிலுள்ள பழைய கால்பந்து மைதானத்தின் மேற்குப் பகுதியில் நின்று குரல் கொடுத்தவர்களே, அந்த இடத்தின் பெயரால் 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' ஆனார்கள். சாதிப் பெயரோ மொழிப் பெயரோ வைத்துக்கொள்ளவில்லை. நின்ற இடத்தையே பெயராக்கிக் கொண்டார்கள். முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் வந்தது உண்மைதான். ஆனால் ரசிகனைச் செய்வது பட்டம் மட்டுமன்று. 2018 மார்ச் 17 அன்று இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம் இதே நகரின் கண்டீரவ மைதானத்தில் நடந்தது. 9-ஆம் நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டார். ஆனால் 3-2 என்று கோப்பையைத் தூக்கிச் சென்றது சென்னை. 2023-இலும் 2025-இலும் மீண்டும் இறுதியில் தோல்வி. இடையில் 2019-இல் ஒரே ஒரு முறை அந்தப் பட்டம் கிட்டியது. 2025 ஏப்ரலில் மோகன் பகானிடம் தோற்ற இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த அறைத் தார்வாட் நண்பனுக்கும் இறங்கவில்லை. இருவரும் மாடிப்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அன்று அவனுக்குக் கன்னடமும் தேவைப்படவில்லை. எனக்குத் தமிழும் தேவைப்படவில்லை.

வெற்றியில் கூடுபவர்கள் கூட்டம். தோல்வியில் கலையாதவர்களே கழகம்.

"அழகாகப் பேசுகிறாய். ஆனால் இந்த நகரம் நம்மைத் தன்னவர் என்று எண்ணுகிறதா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காவிரியின் பெயரால் 1991-இலும் 2016 செப்டம்பரிலும் இங்கே மூண்ட கலவரங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் மற்றொன்றையும் நினைவுகூருங்கள். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்த அதே நகரில், அக்டோபர் 19 அன்று கண்டீரவத்தில் மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று வென்று, ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குச் சென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று பெங்களூர். அந்த மேடையில் பக்கத்தில் நிற்பவன் வீட்டில் என்ன மொழி பேசுகிறான் என்று எவரும் கேட்டுக் கட்டியணைப்பதில்லை. ஆட்டம் கலவரத்தை ஆற்றிவிடும் என்று நான் கூறவில்லை. ஒரு நகரத்தில் வாடகைக்கு இருப்பவனாக மட்டுமின்றி அதன் துயரிலும் பங்குடையவனாக வாழ அது ஒரு வழி என்கிறேன்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சென்னை அணி இங்கு வரும்போது அதன் 11 பேரும் தோற்க வேண்டுமென்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அந்த அணியின் நடுக்களத்தில் ஆடியபோது, அவரிடமிருந்து பந்தைப் பறிக்க விரும்புவதே பெங்களூர் ரசிகனின் கடமையாக இருந்தது. ஆனால் அணியைப் பழிக்கும் குரல் என் மொழியைப் பழிக்கும் குரலாக மாறுமானால், அந்தக் கணமே கை தட்டுவதை நிறுத்துவேன். நிறுத்தச் சொல்லியும் கேட்பேன். அதே நேர்மை நம் பக்கத்திலும் வேண்டும். சென்னை அணிக்குக் குரல் கொடுக்கும் நம் தோழன், எதிர் மேடையைப் பார்த்துக் கன்னட மக்களை இழித்துப் பேசலாகாது. ஆட்டத்தின் பகை 90 நிமிடத்துக்கு உரியது. நாளைக் காலை இருவரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும்.

சென்னையை நேசிப்பவன் நேசிக்கட்டும். பிறந்த மண்ணின் பாசம் அவனுடையது. நான் வேண்டுவது இரண்டே இரண்டு. கழகத்தைக் கொண்டு தமிழ்ப்பற்றை அளக்க வேண்டாம்; தமிழுக்கு அந்த அளவுகோல் தேவையில்லை. அடுத்து, எந்தக் கழகமானாலும் அதற்கு நம் கால்களைக் கொடுப்போம். 2018 ஜூனில், வெற்றுக் கேலரிகளைக் கண்டு மனம் நொந்த சுனில் சேத்ரி, ஐரோப்பியக் கழகங்களை நேசிப்பவர்களையும் விளித்து, திட்டுவதற்காகவேனும் மைதானத்துக்கு வாருங்கள் என்று வேண்டினார். அடுத்த ஆட்டத்துக்கு மும்பை மைதானம் நிரம்பி வழிந்தது.

தோழர்களே, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குவோம். யார் எந்தப் பக்கம் நின்றாலும், போகும்போது ஒரே பேருந்தில் போவோம். திரும்பும்போதும் ஒரே பேருந்தில் திரும்புவோம்.