வகுப்பறைச் சுவரில் எந்தக் கடல்?



பாலர்ப் பள்ளியிலும் முதலாம் ஆண்டு வகுப்பிலும் சுவரை நீலத்தாளால் மூடிக் கடல் அமைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அழகுதான். ஆனால், அதில் நீந்துபவை பெரும்பாலும் கோமாளி மீனும் டால்பினுமே. அவற்றையும் ஆசிரியரே இரவில் கண்விழித்து வெட்டி ஒட்டுகிறார். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கின்றனர்.

பேராக்கிற்கும் கடல் உண்டு. பங்கோர் தீவில் நெத்திலி காய்கிறது. செகாரிக் கரையில் பச்சை ஆமைகள் முட்டையிடுகின்றன. மாத்தாங்கில் ஏறத்தாழ 40,000 ஹெக்டர் அலையாத்திக் காடு உள்ளது; மீன்குஞ்சுகளும் இறால்களும் அதன் வேர்களுக்கிடையே வளர்கின்றன. ஈப்போவிலோ பழைய இரப்பர்த் தோட்டத்திலோ வளரும் பிள்ளை, தன் தட்டில் காணும் நெத்திலியைச் சுவரில் காணாவிட்டால் அச்சுவர் யாருக்காக?

காகிதத் தட்டில் ஆமை, முறுக்கிய பழுப்புத்தாளில் அலையாத்தி வேர், மிட்டாய்த்தாளில் நெத்திலி. ஆறேழு வயதுக் கைகளுக்கு இவை எட்டும். வெட்டு கோணலானால் ஆகட்டும்! கணவாய், திருக்கை, சுறா என்று பெயர்களையும் பிள்ளைகளே எழுதட்டும். இச்சொற்களின் இடத்தை வீட்டிலேயே மலாய்ப் பெயர்கள் பிடித்து வருகின்றன.

நெகிழிப் பையில் இழுதுமீன் செய்வோரும் உளர். செய்யுங்கள். அதை ஆமையின் அருகே தொங்கவிட்டு, இது மீனா பையா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கடலில் ஆமைகள் பையை இழுதுமீன் என்றெண்ணித்தான் விழுங்குகின்றன.