முடிந்தது எந்த ஆண்டு?

மன்னராட்சிக்கு எதிரான பிரெஞ்சுப் புரட்சி 1789-ல் வெடித்தது என்பதில் பெரிய சண்டை இல்லை. முடிந்தது எப்போது என்று கேட்டால்தான் வரலாற்றாசிரியர்கள் முறைத்துக்கொள்வார்கள். புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரின் தலை விழுந்த 1794 என்பார்கள், நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த 1799 என்பார்கள். பிரான்சுவா ஃபூரே 1880 வரை இழுத்தே விட்டார். மதுக்கரைக்காரனுக்கு இதில் என்ன என்கிறீர்களா? பக்கத்திலுள்ள கோவைக் கோட்டைக்கு 1800 ஜூன் 3-ல் குறிவைத்த, கிழக்கிந்தியக் கும்பெனிக்கு எதிரான பாளையக்காரர் கிளர்ச்சிக்கும் இதே தகராறுதான். வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் இக்கிளர்ச்சி பற்றிய தன் ஆங்கில நூலின் தலைப்பிலேயே 1800–1801 என்று எல்லை கட்டினார். சிவகங்கையின் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபரில். சிவகங்கையிலிருந்து பார்த்தால் கணக்கு சரி. ஆனால் கொங்கு நாட்டில் கும்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது 1805-ல். இடையிலுள்ள ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது? இங்கே எதிரி மன்னனல்ல, கும்பெனி; கிளர்ந்தவர்கள்தான் குறுநில ஆட்சியாளர்களான பாளையக்காரர்கள். ஆகவே இதைப் புரட்சிகளோடு சேர்க்கலாமா என்பது தனி வழக்கு. அது எப்படிப் போனாலும், தலைமை வீழ்ந்த நாளை விட ஆயுதம் ஓய்ந்த நாளையே முடிவாகக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. சந்தேகமிருந்தால், அவர் நினைவு நாளான ஆடிப்பெருக்கன்று சின்னமலைக்கு மாலை போட வருகிறவர்களிடம் எல்லாம் 1801-லேயே முடிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.