எடையைக் குறைத்து வா என்பது வைத்தியமாகாது

வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு நோயாளிக்கு, தாயோ மனைவியோ தம் சிறுநீரகம் ஒன்றைத் தர மனமுவந்து முன்வந்து, ரத்த வகையும் பொருந்தி, பரிசோதனைகள் யாவும் முடிந்தபின், "எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற ஒரே வாக்கியம் கிடைக்குமானால், அதை ஆலோசனை என்பதா, நிராகரிப்பு என்பதா? குறைக்கும் வழியைக் காட்டாமல் சொல்லும்போது அது நிராகரிப்பே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் அச்சம் நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. புதிய சிறுநீரகத்தைப் பழையவை இருக்கும் முதுகுப்புறத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து, காலுக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைக்கிறார்கள். அவ்விடத்தில் கொழுப்பு கனத்திருந்தால் ரண சிகிச்சை நீளும், தையல் புண் சீழ் பிடிக்கும், பின்னர் குடலிறக்கம் வரும், வைத்த உறுப்பு வேலையைத் தொடங்கவும் தாமதமாகும். ஆகவேதான் பல மருத்துவமனைகள் பி.எம்.ஐ. என்னும் உடல் எடைக் குறியீட்டெண் 35 அல்லது 40-ஐத் தாண்டினால் கதவை அடைத்துவிடுகின்றன. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 40 என்பது ஏறக்குறைய 102 கிலோ. 35 என்பது 90 கிலோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் கெத்தலே ஜனசமூகத்தின் சராசரியை அறிவதற்கு வகுத்த இக்கணக்கு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, உடலில் தேங்கிய நீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. டயாலிசிஸ் நோயாளியின் எடையிலோ சில கிலோ வெறும் நீராகவே இருக்கக்கூடும்.

இனி, அவர் எப்படித்தான் குறைப்பார்? மற்றவர்களுக்குச் சொல்லும் யோசனைகளில் பெரும்பாலானவை இவருக்குப் பொருந்துவதில்லை. பசித்தால் பழம் சாப்பிடு என்றால், வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் இவருடைய இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும். தண்ணீர் நிறையக் குடி என்றால், அது இவருக்குத் தம்ளர் கணக்கில் அளந்து கொடுக்கப்படும் வஸ்து. உணவைச் சுருக்கு என்றால், ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதத்தின் ஒரு பகுதி வெளியேறிவிடுவதால், மற்றவர்களைக் காட்டிலும் இவருக்குப் புரதம் அதிகம் தேவை. தினந்தோறும் நட என்றால், இயந்திரத்தை விட்டு எழுந்த நாளில் வீட்டுப் படியேறுவதே இவருக்குப் பெரும் பிரயத்தனம். இவற்றையெல்லாம் மீறி, வைராக்கியத்தோடு பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர், கொழுப்போடு தசையையும் இழந்து, தராசில் ஜயித்தும் சரீரத்தில் தோற்று வருவதுண்டு. அப்படி நலிந்தவருக்கு ரண சிகிச்சை இன்னும் கடினம். அவர் போராடும் காலத்தில் சிறுநீரகம் தர இருக்கும் தாய்க்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வழி இல்லாமலில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி அதை ஒரு குழாய்போல ஆக்கும் 'ஸ்லீவ்' சிகிச்சையை இத்தகையோருக்குப் பல நிபுணர்கள் விரும்புகிறார்கள். குடலையே மாற்றி இணைக்கும் பைபாஸ் முறையில், ஆக்சலேட் உப்பு மிகுந்து புதிய சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்; ஆயுள் முழுதும் உட்கொள்ளவேண்டிய நோயெதிர்ப்பு அடக்கி மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவும் மாறலாம் என்பதே காரணம். ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. சர்க்கரை நோயோடு சிறுநீரக நோயும் உள்ளவர்களிடம், அவற்றில் ஒன்றான செமாகுளுடைடு சிறுநீரகச் சீரழிவைத் தாமதப்படுத்தியதாக 2024-இல் வெளியான 'ஃப்ளோ' ஆய்வு காட்டியது. எடைக் குறைப்புக்கான அம்மருந்து 2025-இல் இந்தியச் சந்தைக்கும் வந்தது. டயாலிசிஸில் இருப்போரிடம் இதன் அனுபவம் இன்னும் சொற்பமாதலால், சிறுநீரக வைத்தியரின் கண்காணிப்பின்றி யாரும் தாமாக இதைத் தொடக்கூடாது. பருமனை மட்டும் காரணமாக்கி ஒருவரைச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையிலிருந்து விலக்க வேண்டாம், அவருக்கு எடைக் குறைப்புச் சிகிச்சையை முன்கூட்டியே அளியுங்கள் என்று கேடிகோ என்னும் சர்வதேச சிறுநீரக அமைப்பு 2020-இலேயே யோசனை கூறியிருக்கிறது. அளியுங்கள் என்பதுதான் அங்கே முக்கியமான சொல். எடைக் குறைப்பு நோயாளிக்கு வைக்கும் பரீட்சையன்று, மருத்துவமனை ஏற்கவேண்டிய கடமை.

பணம் என்னும் பெரிய தடை மிஞ்சுகிறது. உடல் பருமனுக்கான அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு எப்போது கிடைக்கும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த வாசகத்தைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேலிருக்கவேண்டும். 35 அல்லது அதற்கு மேலிருப்பவர்க்கோ பருமனால் வந்த இருதயத் தசை நோய், இருதய ரத்தக்குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சடைப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்கவேண்டும். சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அந்நான்கும் இல்லாத, குறியீட்டெண் 36 உள்ளவரை மாற்றுச் சிகிச்சைக்குத் தகாதவர் என்று மருத்துவமனை ஒருபுறம் திருப்பி அனுப்ப, பருமன் சிகிச்சைக்கும் தகாதவர் என்று காப்பீடு மறுபுறம் கைவிரிக்க, நடுவில் நிற்பவர் எங்கே போவார்?

இருக்கும் நான்கோடு ஐந்தாவதாக, மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் செயலிழப்பு நிலையையும் ஆணையம் சேர்க்கவேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன்.