இலவச வழக்கறிஞர் யாருடைய ஆள்?

பந்திங்கிலிருந்து தெலுக் பங்லிமா காராங் வரை சாலையோரத்தில் வீட்டு விளம்பரப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. விமான நிலையம் ஒரு பக்கம், கிள்ளான் துறைமுகம் மறுபக்கம், தைப்பிங் வரை நீளும் மேற்குக் கரை நெடுஞ்சாலையின் தொடக்கமும் இங்கேதான். நிலத்தின் விலை ஏறாமல் என்ன செய்யும்? தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் குடும்பங்களுக்கோ இது வேறு கணக்கு. வேலை ஓய்ந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற பயத்தோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள், பிள்ளைகளின் சம்பளத்தையும் சேமநிதிப் பணத்தையும் சேர்த்து, முதன்முதலாக நிலப்பட்டா ஒன்றில் தங்கள் பெயரைப் பார்க்கப் போகிறார்கள். விற்பனைக் கூடத்தில் அவர்களைக் குளிரவைக்கும் வாசகம், 'வழக்கறிஞர் கட்டணம் இலவசம்'.

முன்பணம் எவ்வளவு, கடன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும், சாவி எப்போது என்றெல்லாம் கேட்கிறார்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, வீடமைப்புத் திட்டத்தில் மேம்பாட்டாளருக்காக இயங்கும் வழக்கறிஞர் வாங்குபவருக்காகவும் இயங்கக் கூடாது என்கிறது. அந்த 'இலவச' வழக்கறிஞர் மேம்பாட்டாளரின் வழக்கறிஞர். கல்யாணத் தரகராவது இரு வீட்டுக்கும் பொது. இவர் அதுவும் இல்லை. கடன் ஒப்பந்தத்தை எழுதுபவர் வங்கிக்காக இயங்குகிறார். ஆக, முப்பது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

ஒப்பந்தம் சட்டம் வகுத்தது, ஒரு வரியையும் மாற்ற முடியாது, பிறகு தனி வழக்கறிஞர் எதற்கு என்று மேம்பாட்டாளர்கள் கேட்கலாம். பாதி உண்மை. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், தரைவீடுகளுக்கு 'அட்டவணை ஜி' என்ற மாதிரி ஒப்பந்தம் கட்டாயம். நல்ல ஒப்பந்தம்தான். 24 மாதங்களில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தவறினால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் இழப்பீடு. வருமானம் போதாது என்று வங்கி கடனை மறுத்தால், அதற்கு ஆதாரம் காட்டுபவரிடம் விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்க முடியாது. சாவி கொடுத்த பிறகும் 5 விழுக்காடு மேம்பாட்டாளர் கைக்குப் போவதில்லை. பாதி 8 மாதங்களும் மீதி 24 மாதங்களும் வழக்கறிஞரிடம் இரு தரப்புக்கும் பொதுவான வைப்புத் தொகையாக நிற்கும். சுவர் வெடிப்பைச் சொல்லியும் 30 நாளில் சரிசெய்யாவிட்டால், அந்தச் செலவை இதிலிருந்து கேட்கலாம். இத்தனையும் வாங்குபவரின் பக்கம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல அவர் பக்கம் ஆள்தான் இல்லை.

'புக்கிங்' பணத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் அது ஊர் வழக்கமாகிவிட்டது. வாங்கும் பணத்தை வாங்கிவிட்டு, இழப்பீட்டு நாள்களை மட்டும் ஒப்பந்தத் தேதியிலிருந்து எண்ணலாம் என்று மேம்பாட்டாளர்கள் வாதாடினார்கள். பிஜேடி ரீஜென்சி வழக்கில் 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புக்கிங் பணம் கட்டிய நாளே கணக்கின் தொடக்கம் என்றது. 400,000 ரிங்கிட் வீட்டுக்கு ஒரு நாள் தாமதம் என்றால் ஏறக்குறைய 110 ரிங்கிட். புக்கிங்குக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் ஒரு மாதம் போயிருந்தால் 3,300 ரிங்கிட். ரசீதைத் தொலைத்தவருக்கு அதை நிரூபிப்பது பெரும்பாடு.

அதே வீட்டுக்கு வழக்கறிஞர் கட்டணம், 2023-ஆம் ஆண்டு விகிதப்படி 1.25 விழுக்காடு, அதாவது 5,000 ரிங்கிட். சின்னத் தொகையல்ல; நமக்கும் தெரியும். ஆனால் ஓராண்டுத் தாமதத்தின் இழப்பீடு 40,000 ரிங்கிட். எது மலிவு?

ஏழைக் குடும்பத்திடம் 'நீயே வக்கீல் வைத்துக்கொள்' என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு செய்ய வேண்டியவை உண்டு. விதியை மீறி முன்பணம் வாங்குபவர்கள் மீது வழக்குத் தொடர வேண்டும்; நீதிமன்றமே தவறு என்று சொன்ன பிறகும் பார்த்துக்கொண்டிருப்பது அமலாக்கம் ஆகாது. 'இந்த வழக்கறிஞர் உங்களுக்காக இயங்கவில்லை' என்ற அறிவிப்பை மலாய், தமிழ், சீனம், ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, கையெழுத்துக்கு முன் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இலவசக் கட்டணம் என்று விளம்பரம் செய்கிறவர், அதே தொகையை வாங்குபவர் தாமே தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞருக்குத் தரவும் கடமைப்பட்டவர் ஆக வேண்டும். விற்பனை தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும், ஒரு வாரம் பொறுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதுவரை வாசகர்கள் தாங்களே விழிப்பாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள உரிம எண்ணை அமைச்சின் 'தெடுஹ்' (TEDUH) தளத்தில் சரிபாருங்கள். பணம் கொடுத்தால் தேதியோடு ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தகராறு வந்தால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 10 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பழுதுக்கான 24 மாதப் பொறுப்புக் காலம் முடிந்த 12 மாதங்களுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.