லாம்பிரட்டாவுக்கு என்ன விலை?

நியாய விலை என்றதும் நமக்கு ரேஷன் கடை நினைவுக்கு வருவது அந்தச் சொல்லுக்கு நேர்ந்த விபத்து. அரசு நிர்ணயிக்காத ஒரு பொருளுக்கு, அதுவும் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கடந்த ஒரு பொருளுக்கு, நியாயமான விலையை யார் சொல்வது? இந்தக் கேள்வி எங்களிடம் ஏட்டுச் சுரைக்காயாக வரவில்லை. ஆரணியில், பட்டு நெசவாளர் ஒருவர் வீட்டு நடையில் நிற்கும் லாம்பிரட்டா ஸ்கூட்டரின் உருவில் வந்தது. நண்பர்கள் நால்வருக்குள் இதனால் எழுந்த சச்சரவு இன்னும் முழுதாகத் தீரவில்லை. எங்கள் கட்சியை இங்கே வைக்கிறோம்.

முதலில் அந்த வண்டியைப் பற்றி. இத்தாலிய மோட்டார் சைக்கிள் என்றால் டுகாட்டியையும் மோட்டோ குஸ்ஸியையும் சொல்வார்கள். நம் தலைமுறையின் சிற்றூர்த் தெருக்களில் அவற்றைக் கண்டவர் இல்லை. இத்தாலி நம்மிடம் வந்தது ஸ்கூட்டராகத்தான். பியாஜியோவின் வெஸ்பா 1946இல் பிறந்தது. வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மறு ஆண்டு மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியிலிருந்து இன்னொசென்டி நிறுவனத்தின் லாம்பிரட்டா வந்தது. இங்கே வெஸ்பாவை பஜாஜும், லாம்பிரட்டாவை பம்பாயின் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவும் உரிமம் பெற்றுச் செய்தன. பிற்பாடு இன்னொசென்டியின் இயந்திரங்களையே வாங்கி வந்து, 1972இல் தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா லக்னோவில் விஜய் சூப்பரை வார்த்தது. அந்நிறுவனத்தை மூட 2021இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. மிலானில் செய்ததே அசல், பம்பாயில் செய்தது நகல் என்று கூறி விலையைக் குறைப்பவர்கள் உண்டு. ஆரணிச் சேலையின் பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருவதால் அது ஆரணிப் பட்டு அல்ல என்பார்களா அவர்கள்?

நாங்கள் பார்த்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் 1969 என்று இருந்தது. வாங்கியவர் இப்போது இல்லை. நெசவு முதலாளிக்கும் தறிக்காரர்களுக்கும் இடையே பாவும் சரிகையும் சுமந்து தேவிகாபுரம் வரை அதில் போய்வந்தவராம். கடைசிப் பத்தாண்டுகளில் ஓட்டுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். ஆனால் பதிவைப் புதுப்பிக்க மட்டும் தவறியதில்லை. கெடு முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மனைவியும் மகனும் இருக்கிறார்கள். மகன் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். வண்டியின் மேல் ஜக்கார்டு அட்டைக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

அம்மா சொன்ன ஒரு தகவலை விட்டுவிடக் கூடாது. வண்டியை வாங்கும்போதே, கடை விலையைவிட அதிகம் கொடுத்து ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினார்களாம். இளைய வாசகர்களுக்கு இது புரியாது. 1960இல் ஸ்கூட்டர் விநியோகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் ஓடிய வண்டிக்குப் புது வண்டியைவிடக் கூடுதலாகத் தந்தார். அன்று விலை என்பது இரும்புக்கு அல்ல, காத்திராமைக்கு. வளையல் இரண்டு அதற்குப் போயிற்று என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்களில் ஒருவருக்கு அந்த வண்டியின் மேல் காதல். விலை கேட்டோம். அம்மா சொன்ன பதில்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்: "எனக்கென்ன தம்பி தெரியும்? படிச்சவங்க, நீங்களே ஒரு விலை சொல்லுங்க." ஏற்கெனவே ஒரு வியாபாரி வந்து 9,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். பழைய இரும்புக்கு அதுவே அதிகம் என்றும் சொல்லியிருந்தார். அதில் பொய்யில்லை. வண்டி நூறு கிலோ சொச்சம். உடைத்து எடைக்குப் போட்டால் நாலாயிரம் தேறுவதே கடினம். ஆனால் அவர் அதை உடைக்க வாங்க வரவில்லை என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரியாதவர் அம்மா ஒருவரே.

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் சந்தை கெடும் என்பது அதன் சாரம். ஆரணி வீட்டில் நாங்கள் கண்டது தலைகீழ். அங்கே வாங்க வந்தவனுக்குத்தான் எல்லாம் தெரியும். தெருத்தெருவாகப் பழைய பட்டுச் சேலை வாங்க வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த சேலைக்கு அவர் தரும் தொகை, கொடுப்பவளுக்கு வந்தவரை லாபமாகத் தோன்றும். சரிகையை எரித்தால் எத்தனை கிராம் வெள்ளி தேறும் என்பது அவர் கணக்கு. நெய்த கைகளின் வீட்டிலேயே அந்தக் கணக்கைத் தெரியாமல் சேலையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் நண்பர் 15,000 சொல்லலாம் என்றார். வியாபாரி சொன்னதைவிட அதிகம்தானே, அவர்களும் மகிழ்வார்கள், நாமும் மகிழ்வோம். நாங்கள் மறுத்தபோது அவர் வைத்த வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. "லாம்பிரட்டாவை அடையாளம் காண இருபது வருஷம் கற்றிருக்கிறேன். கற்றதற்குக் கூலி வேண்டாமா? நான் வராவிட்டால் அது இரும்பாகத்தானே போகும்?"

இதற்குப் பதில் சொன்னவர் தறியில் இருந்த மகன். "எங்களுக்குப் பட்டு இத்தனை கிராம், சரிகை இத்தனை கிராம்னு நிறுத்துக் கொடுப்பாங்க சார். சேலையைத் திரும்ப நிறுத்து வாங்குவாங்க. கூலி தனியா எழுதியிருக்கும். கம்மிதான், ஆனா எழுதியிருக்கும். உங்க கூலியையும் எழுதிடுங்களேன்." சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளப் போய்விட்டார்.

எழுதினோம். வேலூரிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து அடுத்த ஞாயிறு முழுவதும் அந்த நடையில் கழித்தோம். வெஸ்பாவுக்கு உடலே எலும்பு. தகடு வளைத்துச் செய்த கூடு. எனவே அதில் முதலில் பார்க்கவேண்டியது மிதியடித் தகட்டின் துரு. லாம்பிரட்டாவுக்குக் குழாய்ச் சட்டம் ஒன்று உள்ளே இருக்கிறது. மேல்தகடுகள் போர்வை மாத்திரம். தகடு நசுங்கினால் மாற்றலாம், சட்டம் வளைந்தால் வண்டி என்றைக்கும் ஒருபக்கம் இழுக்கும். பின்னால் குனிந்து நின்று இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தோம், இருந்தன. சட்டத்தில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு பொருந்தின. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டால் மற்ற எந்த அழகுக்கும் விலை வைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். கிக்கரை மிதித்தால் அமுக்கம் இருந்தது, ஆனால் சோர்வாக. சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றியாக வேண்டும். ஓராண்டு நின்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் சீல்கள் காய்ந்திருக்கும் என்பதைத் திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பெயின்ட் மங்கியிருந்தது, ஆனால் பழையது. இதைக் குறையென்று சொல்லி விலையைக் குறைக்க நண்பருக்கு ஆசை. எங்கள் அனுபவம் வேறு. பளபளவென்று புதிதாக வண்ணமடித்து வரும் பழைய ஸ்கூட்டர்களையே அஞ்சவேண்டும். அந்த வண்ணத்தின் கீழ் என்ன பற்றவைப்பு ஒளிந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? (பாலிஷ் போட்டு வந்த பட்டுச் சேலையை மடிப்பில் விரித்துப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

இனித் தாள். நன்றாக ஓடுகிற, காகிதங்கள் சரியாக உள்ள இதே வகை வண்டிக்கு எங்களுக்குத் தெரிந்த மூவர் சமீபத்தில் கொடுத்த விலைகளை வைத்து 90,000 என்று தலையில் எழுதினோம். எஞ்சின் வேலைக்கு 18,000. டிங்கரிங்குக்கும் பெயின்டுக்கும் 15,000. டயர், வயரிங், இருக்கை 7,000. காகிதங்களுக்கு 8,000: இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து அம்மா பெயருக்கு மாற்றி, அதன் பின் வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டும், புதுப்பிக்கும் கட்டணமே 2022இல் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆயிற்று, தாமதத்துக்குத் தண்டம் வேறு. ஆக 48,000 கழித்தால் 42,000. கடைசி வரியில் நண்பரின் கூலி 4,000. மீதி 38,000.

ஐம்பது வயது கடந்த வண்டியாயிற்றே, 2021 விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதியலாமே, அதற்குக் கூடுதல் விலை உண்டல்லவா என்று ஒருவர் கேட்டார். பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு வைத்திருப்பவருக்கு அது ஏற்றம், ஓட்ட விரும்புகிறவருக்கு இறக்கம். ஆகவே அந்த வரியைச் சேர்க்கவில்லை.

எங்கள் கட்சி இதுதான். தாளின் எண்கள் பிழைபடலாம். டிங்கரிங் கூலியில் நாங்கள் இரண்டாயிரம் கூட்டியிருக்கலாம். ஆனால் விற்பவர் கண்முன் வைக்க அஞ்சும் கணக்கு எதுவோ, அதிலிருந்து வரும் விலையை நியாயமென்று அழைக்க முடியாது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பேசுமிடத்தில், அவர்கள் தம் இலாபத்தை வெளிப்படச் சொல்லி விற்றார்கள் என்று உரைகள் பொருள் கொள்கின்றன. இலாபம் வைக்கவில்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நண்பருக்குக் கூலி கூடாதென்று நாங்களும் சொல்லவில்லை. அது 27,000 ரூபாயாக இருந்து, அவர் மனசுக்குள் மட்டும் எழுதப்பட்டிருந்ததே எங்களுக்குப் பொறுக்கவில்லை.

மகன் தாளை வாங்கி இருமுறை படித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் வந்த செய்தி: பழைய வியாபாரி மறுபடி வந்தார், தாளைக் காட்டினோம், 45,000 தந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார், அம்மா உங்களை விசாரித்தார்கள்.

நண்பர் எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை. தாளைக் கொடுத்துக் கெடுத்தீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு; வியாபாரி 45,000 கொடுத்ததால் எங்கள் கணக்கே தப்பு என்பது துணைக் குற்றச்சாட்டு. இரண்டாவதை ஏற்க மாட்டோம். சொந்தப் பட்டறை வைத்திருப்பவருக்கு எங்கள் 48,000 ரூபாய் வேலை முப்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும். அவரால் அவ்வளவு கொடுக்க முடியும், எங்களால் முடியாது. முதலாவதை ஏற்கிறோம். அவருக்கு வண்டி கிடைக்காமற்போனது எங்களால்தான்.

இப்போது ஆற்காட்டில் ஒருவரிடம் 1970களின் சேத்தக் இருப்பதாகச் சொல்கிறார். வருகிற ஞாயிறு போகிறோம். தாளும் பேனாவும் இம்முறை அவரே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.