இரண்டு ஊர் போதும்

தெரிந்த குடும்பம் ஒன்று வரும் மே மாதம் இத்தாலி போகிறது. கணவன், மனைவி, பிளஸ் டூ எழுதிய மகள். மூன்று பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். போன வாரம் அந்த அம்மா தன் திட்டத்தை ஒரு பெரிய தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார். மொத்தம் ஏழு இரவு. ரோம், நேப்பிள்ஸ், பாம்பெய், புளோரன்ஸ், பைசா, வெனிஸ், மிலான், கோமோ ஏரி. காலை ஆறரை மணி தொடங்கி இரவு பத்து வரை கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தார். சாப்பாட்டுக்கு ஒதுக்கியது அரை மணி நேரம்.

"இவ்வளவு செலவு பண்ணிப் போறோம் சார். திரும்பப் போவோமா என்னன்னு தெரியாது. எதையும் விட்டுடக் கூடாதுல்ல?" என்றார்.

இந்தக் கவலையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பல வருஷம் சேர்த்த பணம் அது. அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய விடுப்பு. ஆனால், ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால், அந்தக் காரணத்துக்காகவே ஊர்களைக் குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏழு இரவுக்கு இரண்டு ஊர். ரோமில் நான்கு, புளோரன்ஸில் மூன்று. மற்ற ஊர்களை இந்த இரண்டிலிருந்தும் முடிந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

திட்டம் இப்படி வீங்கிப்போவதில் விசாவுக்கும் பங்கு உண்டு. ஷெங்கன் விசாவுக்குப் போய்வரும் விமான விவரம், தங்கும் இடம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஊரைப் பற்றி ஒன்றுமே தெரியாத கட்டத்திலேயே நாள்வாரியாக ஒரு அட்டவணை தயாராகிவிடுகிறது. பிறகு அதுவே வேதமாகிவிடுகிறது. விசா கொடுப்பவர்கள் பார்ப்பது எந்த இரவு எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்பதைத்தான். பிற்பகல் மூன்று மணிக்கு எந்தச் சிலைக்கு முன்னால் நிற்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இரவுகளை மட்டும் உறுதி செய்துகொண்டு, பகல்களை அப்படியே விட்டுவைக்கலாம்.

ஊர் மாறுவதற்கு ஆகும் நேரத்தைத்தான் எல்லோரும் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தாளில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அன்று காலையில் எழுந்து பெட்டி கட்ட வேண்டும். பத்து, பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். ரோமின் பழைய தெருக்களில் சின்னச் சின்னக் கருங்கற்களைப் பாவியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் மேல் பெட்டிச் சக்கரம் உருளாது, குதிக்கும். ஸ்டேஷனில் எந்தப் பிளாட்பாரம் என்று பலகையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். போய் இறங்கினால் அடுத்த விடுதியில் அறை கொடுப்பது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. முகம் கழுவி வெளியே வரும்போது நாலு. ஒன்றரை மணி நேர ரயில் ஒரு பகலையே தின்றுவிட்டது. ஐந்து ஊரில் தங்கினால் நான்கு முறை இது நடக்கும்.

வந்து இறங்கும் நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, துபாய், தோஹா போன்ற ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போக வேண்டும். மே மாதத்தில் இத்தாலியில் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். ரோமில் இரவு எட்டு மணி என்றால் உடம்புக்கு அது பதினொன்றரை. விமான நிலையத்திலிருந்து டெர்மினி ஸ்டேஷனுக்கு எங்கும் நிற்காத ரயில் இருக்கிறது, அரை மணி நேரப் பயணம். பெட்டியை வைத்துவிட்டு, விடுதியைச் சுற்றியுள்ள நாலு தெருவில் நடந்து, சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்துவிட வேண்டும். அன்றைக்கு எந்த டிக்கெட்டும் வாங்கி வைக்காதீர்கள்.

மற்ற நாள்களுக்கு நான் சொல்வது, நாளைக்கு ஒரே ஒரு முன்பதிவு. சில இடங்களுக்கு அது கட்டாயம். கொலோசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட், அதில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்காது. புளோரன்ஸின் உஃபிசியும், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அகாதெமியாவும் திங்கட்கிழமை விடுமுறை. இந்தக் கிழமைகளைப் பார்த்துத்தான் எந்த ஊர் எப்போது என்று முடிவு செய்ய வேண்டும். முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அன்றைக்குக் கூட்டம் நெரியும், வேண்டாம்.

ரோமில் நான்கு இரவு எதற்கு என்று அந்த அம்மாவின் கணவர் கேட்டார். கொலோசியம், வத்திக்கான் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்றார். முடிக்கலாம். பலர் முடிக்கிறார்கள். அப்படி முடிக்கும்போது விட்டுப்போவது எது என்று அவரிடம் சொன்னேன். கொலோசியத்தின் அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரமும் அடங்கும். வெயிலில் களைத்துப் போனவர்கள் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற இடம் அது. அந்த ஃபோரத்தை ஒட்டி ரோமப் பேரரசர் மாக்சென்டியஸ் கட்டத் தொடங்கிய பெரிய மண்டபத்தின் மூன்று வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அதன் அடியில் கிடப்பது மிளகுக் கிடங்கு. கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட டொமிஷியன் கட்டியது. சங்கப் பாடல்களில் வரும் முசிறியில் யவனர் கப்பல்கள் ஏற்றிப்போன மிளகு, செங்கடல் வழியாக எகிப்து, அங்கிருந்து மத்தியதரைக் கடல் என்று கடந்து ரோமுக்கு வந்து குவிந்தது. பேரரசின் நடுமையத்தில், ஊர்வலங்கள் போன புனித வீதியின் ஓரத்தில், மிளகுக்கென்று தனியாக ஒரு கட்டடம் வைத்திருந்தார்கள். தமிழ் படித்த ஒருவர் அந்த இடத்தில் கால் மணி நேரமாவது நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு வத்திக்கானில் டிக்கெட் இருந்தால் அது நடக்காது.

ரோமின் சொந்தச் சாப்பாடுகளில் ஒன்று, ஆட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டுமே போட்ட பாஸ்தா. மிளகைத் தாராளமாகப் போடுவார்கள், நம் நாக்குக்கு ஒட்டும். சுத்த சைவம் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்மீஜானோ சீஸில் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள், அங்கே அதுதான் விதி. ஆட்டுப்பால் சீஸிலும் பெரும்பாலும் இதே கதைதான். அது ஒவ்வாதவர்களுக்கு மரினாரா பீட்சா இருக்கிறது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்கு நல்ல கடைகள் ஏழரைக்கு முன் கதவைத் திறக்காது. அரை மணி நேரத்தில் சாப்பிட்டு எழுவது அங்கே நடக்கிற காரியமும் இல்லை. அந்த அட்டவணை முதல் இரவே உடைந்துவிடும்.

அவசரத்தில் கிடைக்காமல் போவதற்கு இன்னும் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயில். குவிமாடத்தின் உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, மூடி கிடையாது. மழை பெய்தால் உள்ளே பெய்யும். நடுத் தரையில் தண்ணீர் இறங்கச் சின்னத் துளைகள் இருக்கின்றன, குனிந்து பார்த்தால்தான் தெரியும். வெயில் நாளில் அந்தத் திறப்பு வழியே இறங்கும் ஒளி ஒரு வட்டமாகச் சுவரில் விழுந்து, மெல்ல மெல்ல நகரும். உட்கார்ந்தால்தான் நகர்வது தெரியும். பத்து நிமிடத்தில் வெளியே வந்தவர்களுக்கு அது சுவரில் ஒரு வெளிச்சம்.

இரண்டாவது, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி என்ற தேவாலயம். அனுமதிக் கட்டணம் இல்லை. இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில் காரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன, மூன்றும் புனித மத்தேயுவைப் பற்றியவை. இருட்டாக இருக்கும். பக்கத்திலுள்ள பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அணைந்ததும் யாராவது ஒருவர் பையைத் துழாவி அடுத்த நாணயத்தைப் போடுவார். முன்பின் தெரியாதவர்கள் முறை வைத்ததுபோல் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அவற்றில் ஒன்றில், வரி வசூலிக்கும் மேசையில் காசு எண்ணிக்கொண்டிருக்கும் ஆள்கள்மீது வலப்பக்கத்திலிருந்து ஒளி விழுகிறது, கிறிஸ்து கை நீட்டுகிறார், "என்னையா?" என்பதுபோல ஒருவர் விரல் காட்டுகிறார். 1599, 1600 வாக்கில் வரைந்தது. உலகத்தின் தலைசிறந்த ஓவியங்களில் ஒன்றை இப்படி டிக்கெட் இல்லாமல், வரிசையில்லாமல் பார்க்க முடிகிற ஊர் வேறு எத்தனை இருக்கும்! ஆனால் இதுபோன்ற தேவாலயங்கள் பல மதியம் மூடிவிட்டுப் பிற்பகலில்தான் மறுபடி திறக்கும். மதிய வேளையில் எதையும் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். அந்நேரம் அறைக்குப் போய்ப் படுங்கள். மாலையில் ஊரே தெருவுக்கு வரும்போது நீங்களும் வரலாம். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவு வேண்டாம், ரோம் முழுக்கத் தெருவோரக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் முனையை விரலால் அடைத்தால், மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் வளைந்து வாய்க்கு வரும்.

"வெனிஸ்?" என்று மகள் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். புளோரன்ஸிலிருந்து பகலில் போய்த் திரும்பினால் ரயிலிலேயே நாலு மணி நேரத்துக்கு மேல் போகும். கூட்ட நாள்களில் தங்காமல் வந்துபோகிறவர்களிடம் 2024 முதல் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். இதைவிட முக்கியம், பகல் கூட்டம் கிளம்பிப் போன பிறகு, இரவிலும் விடியலிலும்தான் அந்த ஊர் ஊராக இருக்கும். வெனிஸ்தான் உயிர் என்றால் புளோரன்ஸை விட்டுவிட்டு அந்த மூன்று இரவையும் வெனிஸுக்குக் கொடுங்கள் என்றேன். இரண்டும் வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மூன்று பேரும் வீட்டில் பேசி, கடைசியில் புளோரன்ஸ் என்று முடிவானது. அங்குள்ள ஒரு நாளை முழுக்க மகள் கையில் கொடுத்துவிடச் சொன்னேன். அவள் பைசா என்றால் பைசா, ஒரு மணி நேர ரயில்தான். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் பிளாட்பாரத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாவிட்டால் அபராதம்.

திரும்பும் விமானத்துக்காக மறுபடி ரோமுக்கு ஓட வேண்டியதில்லை. புளோரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்தில் போலோன்யா, அங்கிருந்து துபாய்க்கு விமானம் இருக்கிறது. ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறும் டிக்கெட்டைச் சேர்த்து எடுத்தால், பெரும்பாலும் போய்வரும் டிக்கெட்டின் விலைதான் வரும்.

ரோமில் ஒரு நாளைக் காலியாக விடவும் சொன்னேன், அதற்குக் காரணம் இருக்கிறது. இத்தாலியில் ரயில், பேருந்து வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே தேதி அறிவித்துவிடுவார்கள். வார நாள்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும். கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நிரம்பிய அட்டவணையில் ஒரு ரயில் ஓடாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா டிக்கெட்டும் வீண். காலியான நாள் இருந்தால் எதையும் அங்கே நகர்த்தலாம்.

நகர்த்த எதுவும் இல்லையென்றால், பாம்பெய்க்குப் பதிலாக அந்த நாளில் ஒஸ்தியா ஆன்டிகாவுக்குப் போகலாம். பழைய ரோமின் துறைமுக நகரம். நகர ரயிலின் சாதாரண டிக்கெட்டிலேயே அரை மணி நேரத்தில் போய்விடலாம். மாவரைத்த கல் எந்திரங்களும், மாடி வீடுகளின் சுவர்களும், பொதுக் கழிப்பறையும் அப்படியே கிடக்கின்றன. வணிகர் சதுக்கத்தில் ஒவ்வொரு ஊர் வியாபாரியும் தன் கடை வாசலில் கறுப்பு வெள்ளைக் கற்களால் தரைச் சித்திரம் பதித்திருக்கிறான். கப்பல், கலங்கரை விளக்கம், ஓரிடத்தில் ஒரு யானை. கையில் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், தொப்பி அவசியம். திங்கட்கிழமை திறக்க மாட்டார்கள்.